மருந்தின் நான்கு கூறுகளும் தோட்டத்து டிரசரும்

மருந்து அதிகாரத்தை நிறைவு செய்யும் 950ஆம் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுக்கிறார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. பேணுபவனையும் மருத்துவனுக்கு இணையாக எண்ணியமை கருதத்தக்கது. ஒரு கூறு தளரின் ஏனையவை பயன் தரா என்பது இதனால் பெறப்படும்.

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் ஜெராம், ஈஜோக், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பத்தாங் பெர்ஜுந்தை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களில் இந்நான்கனுள் மூன்றும் பெரும்பாலும் ஒருவர் தோளிலேயே ஏறியிருந்தன. அவரே டிரசர். மருத்துவர் குறித்த நாளில் வந்து பார்த்துச் செல்வார். எஞ்சிய நாளெல்லாம் நோயைக் கணிப்பவரும், மருந்து கலப்பவரும், நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் லயத்துக்கு ஓடுபவரும் டிரசரே. 1965ஆம் ஆண்டின் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டம் அவரைப் பதிவேட்டில் ஏற்றியது. அவருடைய களைப்பை ஏற்றுதற்குப் பதிவேடு ஏது?

நம் தோட்டக் கதைகள் இவரை எவ்வாறு காண்கின்றன? எல்லா நோய்க்கும் ஒரே மருந்துத் தண்ணீரை ஊற்றும் கல்நெஞ்சர், அல்லது கைராசி மிக்க புண்ணியவான் என்னும் இரு வார்ப்புகளே மிகுதியாகத் தென்படுகின்றன. தோட்ட மருத்துவத்தை உள்ளிருந்து கண்டவரின் நாவலிலும் இப்பகுப்பு உண்டு. தமிழகத்து ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராயிருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நாவல், 2007இல் இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆயிற்று. தகுதியற்ற கம்பவுண்டர் ஒருபுறம். மனச்சான்றுடைய டாக்டர் ஆபிரகாம் மறுபுறம். கொடுமையைத் தோலுரிக்க இம்முரண் பெரிதும் உதவுகிறது. ஆயினும் மூன்றாமவர் ஒருவர் உண்டு. நல்லவராகவே வந்து, ஓய்வின்றி உழைத்து, நாளடைவில் உள்ளம் மரத்துப்போனவர் அவர். அவரைக் கதைகளில் காண்பது அரிது.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் பணிச்சோர்வை நோயென வகைப்படுத்தாமல் தொழிலால் விளையும் நிலையென விளக்கியது. ஆற்றல் வற்றுதல், பணியினின்று மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் அதன் கூறுகள். 2004இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில், 24 மணி நேரத்துக்கு மேலும் தொடரும் பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் செய்த கடும் பிழைகள், குறுகிய பணிமுறையில் செய்தவற்றைவிட ஏறத்தாழ 36 விழுக்காடு மிகுந்திருந்தன. நாம் கல்நெஞ்சு என்று பெயரிட்டவற்றுள் சில இந்த மனவிலக்கமாகவும் இருந்திருக்கலாம் அல்லவா?

களைப்பு பிழைக்குக் காரணமாகும், மன்னிப்பாகாது. தவறான மருந்தால் மகவை இழந்த தாயின் கண்ணீரை எழுத்தாளர் குறைத்து எழுதலாகாது. ஆனால், டிரசரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியவுடன் கதை முடிந்துவிட்டால், அடுத்த மகவைக் காக்கும் வழி புலப்படாது. மூவர் பணியை ஒருவர் சம்பளத்தில் வாங்கிய நிருவாகத்தின் கணக்கும் கதைக்குள் வரவேண்டும். மாணவர்கள் இனித் தோட்டக் கதைகளைப் படிக்கும்போது, பேணுபவனைப் பேணியவர் யார் என்று வினவிப் பார்ப்பார்களாக.