ஒற்றனின் கண்ணீர்: இரு ஜேர்மன் திரைப்படங்கள்

கிழக்கு ஜேர்மனியின் இரகசியப் பொலிஸ் ஆட்சியை இன்றைய ஜேர்மன் சினிமா எவ்வாறு நினைவுகூர்கின்றது? டொனர்ஸ்மார்க் நெறிப்படுத்தி ஒஸ்கார் விருதும் பெற்ற 'பிறரின் வாழ்வு' (2006) என்னும் படத்தில், நாடகாசிரியர் ஒருவரின் வீட்டை ஒட்டுக்கேட்கும் அதிகாரி அவரது பியானோ இசையில் நெகிழ்ந்து கண்ணீர் சிந்துகின்றான். பின்னர் அவரைக் காக்கவும் முற்படுகின்றான். படம் நம்மை உருக்குகின்றது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயின் அவ்வுருக்கமே அதன் குறைபாடுமாகும். தனியொருவனின் மனமாற்றம் முன்னிற்க, ஒடுக்குமுறை இயந்திரம் பின்தள்ளப்படுகின்றது. பார்வையாளரும் மலிவானதோர் ஆறுதலுடன் வீடு திரும்புகின்றனர். பேர்லினிலுள்ள ஹோஹென்ஷோன்ஹவுசன் சிறை நினைவகத்தின் அன்றைய பணிப்பாளர் ஹூபேர்ட்டஸ் க்னாபே அங்கு படம்பிடிக்க அனுமதி மறுத்தார். ஒற்றன் நாயகனாக்கப்படுவதே அவரது ஆட்சேபம்.

கிறிஸ்டியன் பெற்சோல்டின் 'பார்பரா' (2012) இத்தகைய ஆறுதல் எதனையும் தருவதில்லை. 1980இல், நாட்டைவிட்டு வெளியேற அனுமதி கோரிய குற்றத்துக்காகக் கிராமப்புற மருத்துவமனைக்கு அனுப்பப்பட்ட மருத்துவர் பார்பரா, சக மருத்துவரின் கனிவையும் சந்தேகிக்கின்றாள். சந்தேகம் அங்கு மனநோயன்று, வாழ்முறை. அவளை வேவுபார்க்கும் அதிகாரியின் மனைவி புற்றுநோயால் இறந்துகொண்டிருக்கின்றாள். நம் அனுதாபம் அவன்பாற் செல்கின்றது. எனினும் அவன் தொழில் மாறுவதில்லை. இறுதியில், தப்பிச்செல்லும் படகில் தனக்குரிய இடத்தை முகாமிலிருந்து ஓடிவந்த கர்ப்பிணிச் சிறுமிக்கு அளித்துவிட்டு, பார்பரா நோயாளியின் கட்டிலருகே திரும்பி வந்து அமர்கின்றாள்.