குடத்துள் இராத பெயர்கள்

நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கும் காலத்தில் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவருக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. குடவோலை முறை மேடைதோறும் முழங்குகிறது. 2020 டிசம்பர் 10-ஆம் நாள் புதுதில்லியில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோதும் பிரதமர் இக்கல்வெட்டைக் குறிப்பிட்டார். தென்னேரி முதலிய ஏரிப்பாசன ஊர்களில் வாழும் காஞ்சிபுரம் மாவட்டத்தாருக்கு இது பெருமையே. ஆயினும் இவ்வாறு பெருமை கொள்வோருள் அக்கல்வெட்டு சொல்வதை முழுமையாகப் படித்தவர் எத்தனை பேர்? வாக்களிக்குமுன் அரசியல் வரலாற்று நூல்களைப் படியுங்கள் என்று அறிவுரை கூறுதல் எளிது. அவற்றை எவ்வாறு படிப்பது என்பதே நம்முன் உள்ள வினா. அதற்கு இந்தச் சுவரே நல்ல பாடநூல்.

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் இவ்விதிகள் பொறிக்கப்பட்டன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஓலையில் பெயர் எழுதப்படுவதற்குத் தகுதிகள் பல வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், வேதக் கல்வியும் உடையவராயிருத்தல் வேண்டும். வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி, உள்ளிருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்வர். எடுத்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று உரக்கப் படிப்பர்.

இங்கு நிகழ்ந்தது வாக்கெடுப்பன்று, சீட்டெடுப்பு. யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் திருத்தூதர்கள் தெரிந்துகொண்டதும் சீட்டுக் குலுக்கியே என்பதை நாம் அறிவோம். உத்திரமேரூர் அந்தணர்க்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். அதன் சபை அவர்களுடைய சபை. அங்கே ஏரியைக் காக்க ஏரி வாரியம் இருந்தது. ஆனால் அவ்வேரியின் மண்ணைச் சுமந்த உழவுக் கூலிகளின் பெயரோ, எந்தக் குலத்துப் பெண்ணின் பெயரோ அக்குடத்துள் விழுந்ததில்லை.

இவற்றை வரலாற்று ஆசிரியர்கள் நம்மிடமிருந்து மறைக்கவில்லை. வெங்கையா 1904-05-ஆம் ஆண்டுத் தொல்லியல் அறிக்கையில் இக்கல்வெட்டுகளை விளக்கி எழுதினார். நீலகண்ட சாஸ்திரியார் 1930-களில் எழுதிய சோழர் வரலாற்று நூல்களில் ஊராட்சியை வியந்து போற்றினாலும், நில உடைமையும் வேதக் கல்வியும் தகுதியாக விதிக்கப்பட்டதை விட்டுவிடவில்லை. அவருக்குப்பின் வந்த சுப்பராயலு, கராஷிமா போன்றோர் அந்தணரின் சபை வேறு, வேளாண் குடிகளின் ஊர் என்ற அமைப்பு வேறு என்று பிரித்துக் காட்டி, நிலம் யார் கையில் இருந்தது என்று கேட்டனர். ஆசிரியர்கள் எழுதி வைத்ததில் பாதியை மேடை விழுங்கிவிட்டது. அந்தப் பாதியை மீட்டெடுப்பதே வாசகனின் கடமை. ஊர்க் குடியரசு என்ற புகழ்ச்சியை அம்பேத்கரும் 1948 நவம்பர் 4-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கடுமையாக மறுத்துப் பேசினார்.

இவ்வகையில் நம் வாசகர் அறிய வேண்டிய மற்றொரு நூல், இந்தியாவின் முதல் வாக்காளர் பட்டியல் உருவான வரலாற்றை ஆர்னிட் ஷானி ஆராய்ந்து 2018-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சொத்தோ, வரியோ, கல்வியோ உள்ளவர்க்கே வாக்குரிமை. ஒருவகையில் அதுவும் உத்திரமேரூர் விதியே. அதைத் தகர்த்து, அரசியல் சட்டம் நிறைவேறுவதற்கு முன்பே, வயது வந்த அனைவரின் பெயரையும் எழுதத் தொடங்கினர். 1951-52 தேர்தலில் வாக்காளர் 17 கோடிக்கு மேல். தம் பெயரைச் சொல்லாமல், இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னதால் ஏறத்தாழ 28 இலட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டதும் அதே தேர்தலில்தான். எழுத்தர்களின் அன்றாட உழைப்பைச் சிறப்பாகக் காட்டும் ஷானியின் நூல், பட்டியலில் ஏறிய பெயர் அதிகாரத்தில் ஏறிற்றா என்ற வினாவை நமக்கே விட்டுவிடுகிறது.

அந்த வினாவுக்கு உத்திரமேரூரிலேயே விடை தேடலாம். இவ்வூர் அடங்கிய காஞ்சிபுரம் நாடாளுமன்றத் தொகுதி 2009 தேர்தல் முதல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று குடத்துக்கு வெளியே நின்றவர்களின் வழிவந்தோர் இன்று அம்மண்ணின் பேராளராகின்றனர். ஆயிரம் ஆண்டுப் பெருமையைவிட இது பெரிது. ஆனால் 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தியை நாம் மறத்தலாகாது. இந்து சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்ற அவ்வாணை, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறித்தவருக்கு விரியவில்லை. 2007-இல் அறிக்கை தந்த ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அப்பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. ஆகவே தலித் கிறித்தவர் ஒருவர் காஞ்சிபுரம் தொகுதியில் வாக்களிக்கலாம். வேட்பாளராக நிற்க இயலாது. 1949 மே மாதம் சிறுபான்மைச் சமயத்தவருக்கான இட ஒதுக்கீடு கைவிடப்பட்டபோது, இயேசு சபைத் துறவி ஜெரோம் டிசூசா போன்ற கிறித்தவ உறுப்பினர்கள் நாட்டின் ஒற்றுமை கருதி அதனை மனமுவந்து ஏற்றனர். அடுத்த ஆண்டே வந்த ஆணை, நம் சபையிலேயே மிக எளியவர்களின் பெயரைக் குடத்துக்கு வெளியே வைத்தது. சாதியால் தனிக் கல்லறை கண்ட நம் பங்குகள் இதற்காக அரசை மட்டும் குறைகூறித் தப்ப முடியாது.

அப்படியானால் அச்சுவரில் நாம் கற்பதற்கு ஒன்றுமில்லையா? உண்டு. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் ஓலையில் ஏறக்கூடாது என்கிறது கல்வெட்டு. பிறர் பொருளைக் கவர்ந்தவருக்கும் அதே தடை. மேடைகளில் குடவோலையைப் புகழ்வோர் இவ்விதியைச் சொல்லக் கேட்பது அரிது. இன்று வேட்பாளர் ஒவ்வொருவரும் தம் சொத்தையும் தம்மீதுள்ள குற்ற வழக்குகளையும் உறுதிமொழிப் பத்திரத்தில் வெளியிட வேண்டும். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகளால் கிடைத்த உரிமை இது. ஓலையை உரக்கப் படித்தது போலவே இதையும் படிக்கச் சொல்லிக் கேட்பது நம் பொறுப்பு.

தன் வாக்கைப் பொதுநலனுக்காகப் பயன்படுத்துவது உரிமை மட்டுமன்றிக் கடமையுமாகும் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் படிப்பினை. அக்கடமைக்கு அணியமாக நாம் எந்த வரலாற்று நூலை விரித்தாலும், எக்கட்சியார் எழுதியதாயினும், இரு வினாக்களைக் கையில் கொள்வோம்: இந்நூல் கொண்டாடும் குடத்துள் யார் பெயர் இல்லை? இது போற்றும் தலைவர் காட்டிய கணக்கு எங்கே? பங்கு நூலகத்தில் பத்துப் பேர் கூடித் தேர்தலுக்கு முந்திய மாதத்தில் ஒரு நூலையும், நம் தொகுதி வேட்பாளர்களின் பத்திரங்களையும் சேர்த்துப் படித்தால் போதும். விரலில் மை வைக்கும் அந்த நொடியில், நாம் யாருக்காகவும் வாக்களிக்கிறோம் என்பது நமக்குத் தெரிந்திருக்கும்; பெயர் எழுதப்படாதவர்களுக்காகவும்.