சாக்கர் யார் வீட்டுப் பிள்ளை?

போன ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் இங்கிலீஷ் பிரிமியர் லீக் பார்த்துக்கொண்டிருந்த அக்கா மகனிடம், 'சாக்கர் ஸ்கோர் என்னடா?' என்று கேட்டுத் தொலைத்துவிட்டேன்.

'மாமா, அது அமெரிக்காக்காரன் வார்த்தை. ஃபுட்பால்னு சொல்லுங்க!'

அவனுக்குப் பதில் சொல்வதற்காகவே தேடிப் படித்த புத்தகம், 'இட்ஸ் ஃபுட்பால், நாட் சாக்கர் (அண்ட் வைஸ் வெர்சா)'. ஸ்டெஃபான் ஷிமான்ஸ்கியும் சில்கே-மரியா வைனெக்கும் எழுதி 2018-ல் வந்தது. சாக்கர் அமெரிக்கச் சரக்கே இல்லை, அசல் இங்கிலாந்துப் பிள்ளை என்கிறார்கள்.

நிஜம்தான். 1863-ல் லண்டனில் பிறந்த ஃபுட்பால் அசோசியேஷன், பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது என்றது. ஓடியே தீருவோம் என்ற கோஷ்டி 1871-ல் ரக்பி ஃபுட்பால் யூனியன் ஆரம்பித்தது. ஆக, ரெண்டுமே ஃபுட்பால்! குழப்பம் தீர, ஆக்ஸ்ஃபோர்டு பையன்கள் ரக்பியை 'ரக்கர்' ஆக்கினார்கள். அசோசியேஷனின் நடுத்துண்டைப் பிய்த்து, வால் ஒட்டி, 'சாக்கர்' ஆக்கினார்கள்.

மற்ற ஊர்க் கதை பி.காம். படித்தவனுக்குச் சுலபமாகப் புரியும். ஒரே தெருவில் ஒரே பெயரில் ரெண்டு கடை என்றால், கூட்டம் சேர்த்தவனுக்கே குட்வில். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ளூர் ஃபுட்பாலுக்குத்தான் கூட்டம். அமெரிக்கச் சங்கம் 1913-ல் 'ஃபுட்பால் அசோசியேஷன்' என்றுதான் பிறந்தது. 1945-ல் பெயரில் சாக்கர் நுழைந்தது. 1974-ல் ஃபுட்பால் உதிர்ந்தது.

உலகப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் பத்திரிகைகளில் சாக்கர் சகஜமாகப் புழங்கியது, 1980 வாக்கில் தேய ஆரம்பித்தது, அமெரிக்க வாடை அடித்ததே காரணம் என்கிறது புத்தகம்.

இங்கேதான் எனக்கு உதைக்கிறது. பத்திரிகை ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் நான். தலைப்புக்கு இடம் பத்தாவிட்டால் குட்டி வார்த்தையைத்தான் தேடுவோம். பேப்பரில் அச்சானதெல்லாம் ஜனங்கள் பேசியதாகிவிடாது. ஆக்ஸ்ஃபோர்டு பையன்களின் செல்லப்பெயரை, மழையில் நனைந்தபடி கேலரியில் நின்ற மான்செஸ்டர் தொழிலாளி எத்தனை தடவை சொல்லியிருப்பான்? பேப்பரை எண்ணி அதைக் கண்டுபிடிக்க முடியாது. அவனுக்கு சாக்கர் அந்நியமாகப் பட்டிருந்தால், அது கடல் தாண்டி வந்ததால் அல்ல; மாடி வீட்டிலிருந்து வந்ததால்.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லி, 'நீ சொன்னதில் பாதி சரி, காரணம்தான் தப்பு' என்றேன்.

'கோல்! பேசாமப் பாருங்க மாமா!'

நல்லவேளை, அந்த வார்த்தையில் எங்களுக்குள் சண்டை இல்லை.