ஆட்டமும் அதன் உடைமையாளரும்

சென்ற விடுமுறையிற் கனடாவிலிருந்து ஆரையம்பதிக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், தடித்த நூல்கள் மூன்றையும் இருபது முகங் கொண்ட கவறு ஒன்றையும் என் வீட்டு விறாந்தையிற் பரப்பினார். 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் ஆட்டத்தின் புதிய பதிப்பு அது. 2024 செப்டெம்பருக்கும் 2025 பெப்ரவரிக்கும் இடையில் வெளிவந்தது. என் வகுப்பு மாணவர் நால்வருடன் மூன்று மாலைப்பொழுதுகள் ஆடிப் பார்த்தேன். மகிழ்ச்சியும் கசப்பும் ஒருங்கே எஞ்சின.

ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, தாம் செய்யவிருப்பதை வாய்விட்டுக் கூறுவர். அச்செயல் கைகூடுமா என்பதைக் கவறு தீர்க்கும். மட்டக்களப்பாருக்கு இஃது அந்நியமன்று. நடத்துநர் அண்ணாவியார், நூல் கூத்தேடு, மேசை களரி. கூத்தின் முடிவு ஏட்டிலே முன்னரே உண்டு. இங்கோ கர்ணன் தப்பிவிடவுங் கூடும். வகுப்பில் வாய் திறவாத மாணவன் ஒருவன் அன்று அரைமணி நேரம் அரக்கனொருவனுடன் வழக்காடினான்.

1974இல் கைகாக்ஸ், ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர் ஆக்கிய இவ்வாட்டம் இன்று ஹஸ்ப்ரோ என்ற விளையாட்டுப் பொருட் கம்பனியின் உடைமை. புதிய பதிப்பு தொடக்கநிலையாளருக்குப் பழையதினும் தெளிவானது என்பதை மறுப்பதற்கில்லை. பாத்திரங்களை 'இனம்' என்று வகுத்த சொல்லைக் கைவிட்டுள்ளது. ஆற்றலுக்கான மேலதிகப் புள்ளிகளைப் பிறப்பிலிருந்து பிரித்து, முன்னைய வாழ்க்கையோடும் தொழிலோடும் இணைத்துள்ளது. இதனை வரவேற்கவே வேண்டும். ஆயினும் பட்டியலை ஊன்றிப் படித்தேன். விவசாயிக்கு வலிமை, தாங்குதிறன், விவேகம். நூலறிஞனுக்குத் தாங்குதிறன், விவேகத்துடன் நுண்ணறிவு! தொழிலே பிறப்பாகிக் கிடந்த சமுதாயத்திலிருந்து நோக்குமிடத்து, இது பாதி வழிதான்.

வணிகமுறையோ வேறு கதை. நூலொன்றின் விலை ஏறத்தாழ 50 டொலர். அதுகூடப் பெரிதன்று. அடிப்படை விதிகளைப் பிறரும் பயன்படுத்தலாம் என 2000ஆம் ஆண்டில் ஒரு திறந்த உரிமம் வழங்கப்பட்டது. அதனை நம்பிச் சிறு பதிப்பாளர் பலர் தொழில் வளர்த்தனர். 2022 டிசெம்பரில், இவ்வாட்டத்திலிருந்து போதிய பணம் ஈட்டப்படவில்லை என்று கம்பனித் தலைமை முதலீட்டாளரிடம் கூறிற்று. அடுத்த மாதமே கசிந்த புதிய உரிம வரைவு, பழைய உரிமம் இனிச் செல்லாது என்றது. பதிப்பாளரின் ஆண்டு வருமானம் 750,000 டொலரைக் கடந்தால், கடந்த தொகையில் 25 வீதம் வரை தனக்கே என்றது. ஆட்டக்காரர் கொதித்தெழுந்து இணையச் சந்தாக்களை நிறுத்தினர். 2023 ஜனவரி 27இல் கம்பனி பணிந்து, அடிப்படை விதிகளை மீளப்பெற இயலாத பொது உரிமத்தின்கீழ் விட்டது. பாடம் கற்றதா? 2024 ஓகஸ்டில், விலை கொடுத்து வாங்கியோரின் இணையப் பாத்திர ஏடுகளிற் பழைய மந்திரங்களின் இடத்திற் புதியவற்றைப் புகுத்துவதாக அறிவித்து, எதிர்ப்புக் கண்டு அதனையுங் கைவிட்டது.

நமக்கும் ஒரு புதிய பதிப்பு வாய்த்ததுண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 'கர்ணன் போர்' (1962), 'இராவணேசன்' (1964) ஆகியவற்றை மேடையேற்றியபோது, விடியவிடிய ஆடிய கூத்து ஓரிரு மணி நேரத்துட் சுருங்கிற்று. அதனால் இழந்தவை பற்றி இன்றும் வாதிடலாம். ஆனால் கிராமத்துக் களரியிற் பழைய ஏடு செல்லாதென்று எவரும் சொல்லவில்லை. சொல்லும் அதிகாரமும் எவருக்கும் இருக்கவில்லை. நமது கூத்து மாசற்றதன்று. பெண்கள் நெடுங்காலம் களரிக்கு வெளியே நின்றனர். எனினும் நம்மூரிற் 'சட்டங் கொடுத்தல்' என்றால் ஆடுவோனிடம் அவனது பாத்திரத்தை ஒப்படைத்தல் என்பதே பொருள். கம்பனியின் அகராதியில் அச்சொல்லுக்கு வேறு பொருள் போலும்.

புதிய பதிப்பின் அடிப்படைப் பகுதியும் 2025 ஏப்ரலிற் பொது உரிமத்தின்கீழ் வந்துவிட்டது. ஆட்டக்காரர் 2023இற் போராடியிராவிடின் இது நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. அதனை என் மாணவர் கொப்பியொன்றில் தமிழாக்கத் தொடங்கியுள்ளனர். இலவசப் பகுதியில் விவசாயி இடம்பெறவில்லை. அவனையும், வாவியில் வலை வீசுபவனையும் அவர்களே எழுதுகின்றனர். இருவருக்கும் நுண்ணறிவு சேர்த்தாயிற்று.