புரூக்ஸ் காட்டிய பாலம்

மென்பொருள்காரர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் பாலத்துக்கு வந்துவிடும். "பாலம் கட்டுறவன் இப்படியா கட்டுவான்?" என்று ஒருத்தர் ஆரம்பிப்பார். பக்கத்தில் சிவில் படித்தவர் யாராவது இருந்தால் அவருக்குச் சிரிப்பு வரும்.

ஃபிரெட் புரூக்ஸின் 'த மிதிக்கல் மேன்-மன்த்' (1975) நூலிலும் ஒரு பாலம் உண்டு. ஐபிஎம் 360 கணினிகளுக்கான இயங்குதளம் எழுதும் பெரும்பணியை நடத்தியவர் அவர். முதலில் செய்வதை எப்படியும் தூக்கிப்போட வேண்டிவரும், அதற்கே திட்டமிடுங்கள் என்கிற அத்தியாயத்துக்கு, 1940இல் இடிந்த டகோமா நேரோஸ் பாலத்தின் படத்தை வைத்தார். அந்த அறிவுரை தவறு என்று 1995 பதிப்பில் அவரே எழுதிவிட்டார். அந்த நேர்மைக்காகவே புத்தகத்தை இன்னும் படிக்கலாம். எனக்கு உறுத்துவது படம். அதில் இருக்கும் பாடத்தில் பாதியைத்தான் அவர் எடுத்துக்கொண்டார்.

ஜூலையில் திறந்த பாலம், நவம்பர் 7 அன்று காற்றில் முறுக்கிக்கொண்டு விழுந்தது. 2,800 அடி நடுப்பகுதியை விறைப்பாக வைத்திருக்க, வெறும் 8 அடி உயரத் தகட்டு உத்தரங்கள். விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒருவர் ஓத்மார் அம்மான். அவரே வடிவமைத்து, முந்தைய வருஷம் நியூயார்க்கில் திறந்த பிராங்ஸ்-வைட்ஸ்டோன் பாலத்திலும் அதே மாதிரி உத்தரம்தான்! ஊரார் வீட்டுக்கு வைத்தியம் பார்க்கப் போனவருக்குத் தன் வீட்டிலும் அதே நோய். 1946இல் வைட்ஸ்டோனுக்குக் கூடுதல் இரும்புச் சட்டகங்கள் பொருத்தப்பட்டன. டகோமாவின் புதுப் பாலம், மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் சோதித்த பிறகு 1950இல் திறந்தது. ஒரு பாலம் விழுந்தது, இன்னொன்று பிழைத்தது.

அதற்காகப் பழைய பொறியாளர்களைக் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. 1854லேயே வீலிங் தொங்குபாலம் காற்றில் விழுந்திருந்தது. மறந்துபோனார்கள்.

நம்ம பக்கம் வருவோம். 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனம். எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரல் ஏறியது, ஒன்றில் ஏறவில்லை. 2003லேயே கைவிட்ட பழைய நிரல் அதில் அப்படியே கிடந்தது. அதை இயக்கிய அதே கொடியைப் புது வேலைக்கும் பயன்படுத்தியிருந்தார்கள். செத்த நிரல் எழுந்து உட்கார்ந்தது. சுமார் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கு மேல் காலி. சந்தை திறப்பதற்கு முன்பே கணினி 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருக்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

இவ்வளவு விவரமும் நமக்கு எப்படித் தெரியும்? அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் விசாரித்து 2013இல் ஆணை வெளியிட்டது. பணம் போன இடம் பங்குச்சந்தையாக இருந்ததால் வந்த விசாரணை அது. மீறியதாகச் சொல்லப்பட்டதும் தரகர்களுக்கான விதியைத்தான். செத்த நிரலை அகற்றாமல் விடாதே என்று நிரல் எழுதுகிறவர்களுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை. கிட்லேப் மாதிரி சிலர் தாங்களாகவே வெளியே சொல்வதும் உண்டு. 2017இல் தவறுதலாக டேட்டாபேஸை அழித்தபோது, மீட்பு வேலையையே நேரலையில் காட்டினார்கள். பாராட்டலாம். ஆனால் அது அவர்கள் விருப்பம்.

மற்றபடி நம் ஆபீஸ்களிலும் போஸ்ட்மார்ட்டம் எழுதுகிறோம். சில நிஜமாகவே நல்ல உரைநடை. வேலையை விடும் நாளில் லேப்டாப்போடு சேர்த்து அதையும் ஒப்படைத்துவிட்டு, அடுத்த கம்பெனிக்குப் போய் அதே பிழையை முதலிலிருந்து கண்டுபிடிக்கிறோம்.