இயற்பெயரும் இக்காலப் பெயரீடும்

தொல்காப்பியர் பெயரியலில் விரவுப்பெயர்களை வகுக்குமிடத்து இயற்பெயரையே முதற்கண் வைத்தார். அதனைப் பெண்மை, ஆண்மை, பன்மை, ஒருமை என நால்வகைப்படுத்தினார். உரையாசிரியர்கள் சாத்தி, சாத்தன், கோதை முதலியவற்றை அவற்றுக்கு எடுத்துக்காட்டினர். அவ்வெடுத்துக்காட்டுகளோடு இயற்பெயர் பற்றிய நம் இலக்கண ஆராய்ச்சி பெரும்பாலும் நின்றுவிட்டது. இன்று வகுப்பறை வருகைப் பதிவேட்டைத் திறப்பார் சாத்தனைக் காணார். ரித்விக், தர்ஷன், கனிஷ்கா, ஹர்ஷிதா, லக்ஷிதா, ஓவியா, இலக்கியா என்பனவே காண்பர். இவற்றைத் தமிழாசிரியராகிய நாம் எதிர்கொள்ளும் முறைகள் இரண்டே. எள்ளி நகைத்தல் ஒன்று. தூய தமிழ்ப் பெயர்ப் பட்டியல் ஒன்றைப் பெற்றோர் கையில் தருதல் மற்றொன்று. இரண்டும் ஆராய்ச்சி ஆகா. ஒரு செய்யுளை அதன் யாப்பும் சொல்லும் கொண்டு திறனாய்வது போல, இப்பெயர்களையும் தமிழ்மொழியின் அமைப்பு நோக்கித் திறனாய்தல் வேண்டும் என்பதே ஈண்டு என் கருத்து.

பண்டை இலக்கணம் மக்கட்பெயரைப் பிற சொற்களோடு ஒருங்கு வைத்து விட்டுவிடவில்லை. புள்ளி மயங்கியலில் னகர ஈற்று இயற்பெயர்முன் 'தந்தை' என்னும் முறைப்பெயர் வந்து புணருமாறு தனியே ஓதப்பட்டுள்ளது. சாத்தன் தந்தை சாத்தந்தை ஆயினான். கொற்றன் தந்தை கொற்றந்தை ஆயினான். ஆதன் தந்தையும் பூதன் தந்தையும் இன்னும் சுருங்கி ஆந்தை, பூந்தை ஆயினர். பிசிராந்தையார் பெயரிலுள்ள ஆந்தை இதுவே என்பர். மகன் பெயரால் தந்தை அறியப்பட்ட வழக்கு ஒன்று இருந்ததும், அது நாவில் தேய்ந்து நூற்பா ஒன்றை வேண்டும் அளவுக்குப் பயின்றதும் இதனாற் புலனாகும். ஆதன் என்னும் பெயர் கீழடிப் பானையோடுகளிலும் கீறப்பட்டுக் கிடைத்துள்ளது. அது ஏட்டில் மட்டும் வாழ்ந்த பெயரன்று.

இனி இக்காலப் பெயர்களின் முதலெழுத்தை நோக்குவாம். ட, ர, ல முதலாகத் தமிழ்ச்சொல் தொடங்காது. பிறமொழிப் பெயர் வருமிடத்து உயிர் ஒன்றை முன்னே கொடுத்து ஏற்பது மரபு. கம்பர் இராமன் என்றும் இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் அமைத்தார். வடசொல் வடவெழுத்தை நீத்துத் தமிழெழுத்தொடு பொருந்துமாயின் செய்யுட்கு உரித்து என எச்சவியல் தந்த உரிமையைக் கம்பர் போல நிறைவுறப் பயன்கொண்டார் பிறர் இலர். கம்பர் வீட்டு வாயிலில் நிறுத்தி முகம் கழுவச் செய்து உள்ளே விட்டார். நாம் வந்தபடியே விட்டுவிடுகின்றோம்.

ஆனால் இதனைப் பெற்றோரின் நாகரிக மோகம் என்று மட்டும் கூறி முடித்தல் பொருந்தாது. சோதிட மரபு ஒவ்வொரு நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் ஒவ்வோர் எழுத்தைப் பெயர்முதலாக விதிக்கின்றது. அவ்வெழுத்துகள் வடமொழி நெடுங்கணக்கை ஒட்டியவை. ஆயிலியத்திற் பிறந்த குழந்தைக்கு நான்கு பாதத்திற்கும் உரியவை டி, டு, டே, டோ என்பன. தமிழில் டகரம் மொழிக்கு முதலாகாது. ஆகவே ஆயிலியக் குழந்தையின் பெற்றோர் சோதிடத்தையும் இலக்கணத்தையும் ஒருங்கே காத்தல் இயலாது. ஒன்றைக் கைவிட்டே தீர்தல் வேண்டும். எதனைக் கைவிடுவர் என்பதைக் கூறவும் வேண்டுமோ? அகராதியில் இல்லாத புதுப்பெயர் ஒன்று அவ்வீட்டில் பிறத்தற்குக் காரணம் பெரும்பாலும் இந்நெருக்கடியே.

முதலெழுத்தினும் ஈற்றெழுத்தே ஆராய்ச்சிக்கு வளமுடையது. வல்லின மெய் தமிழில் சொல்லுக்கு ஈறாகாது. குற்றியலுகரத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டே நிற்கும். ரித்விக், அபிஜித், கார்த்திக் என்பன இவ்விதியை மீறியவை. மீறியதனால் விளைவது என்ன? 'கார்த்திக்குக் கொடுத்தேன்' என்ற தொடரை நோக்குக. கொள்வோன் பெயர் கார்த்தியா, கார்த்திக்கா? கார்த்தி என்பதன்மேல் குவ்வுருபு ஏறினும் அவ்வடிவமே வரும். கார்த்திக் என்பது பேச்சில் உகரம் பெற்றுக் கார்த்திக்கு என நின்று, உருபு தொக்கு வரினும் அவ்வடிவமே வரும். ஐயம் நீங்கக் 'கார்த்திக்குக்கு' என்கின்றனர் சிலர். 'கார்த்திக்கிற்கு' என்கின்றனர் சிலர். இரண்டாம் வேற்றுமையில் 'கார்த்திக்கை' என்றால் கார்த்திகைத் திங்களுக்கு ஒரு மெய்யே வேறுபாடு. ஷகர ஈறும் இத்தன்மையதே. ரமேஷ் என்பதை நம் ஊர்ப்புறத்துப் பாட்டிமார் 'ரமேசு' என்று சொல்லக் கேட்கின்றோம். படியாமையால் நேர்ந்த பிழை எனப் பேரன் நாணுகின்றான். உண்மையில் அப்பாட்டி நூற்பா அறியாமலே மொழியின் ஈற்று விதியைக் காக்கின்றாள்.

விளியும் இவ்வாறே இடர்ப்படுகின்றது. உயர்திணையில் விளியேற்கும் ஈறுகள் இ, உ, ஐ, ஓ என்னும் உயிர் நான்கும் ன, ர, ல, ள என்னும் புள்ளி நான்குமே எனத் தொல்காப்பியர் வரையறுத்தார். நம்பி நம்பீ என்றும், அன்னை அன்னாய் என்றும் விளிக்கப்படுதல் காண்க. பெயரின் ஈறு அழைப்பவன் குரலுக்கு ஏற்ப நீண்டும் திரிந்தும் கொடுத்தது. ரித்விக் என்னும் பெயரை எவ்வாறு நீட்டுவது? தெருமுனையில் நிற்கும் மகனைத் தாய் அழைக்கும்போது இக்குறை வெளிப்படும். அதனாலேயே இத்தகைய பெயருடைய குழந்தைகளுக்கு வீட்டில் அப்பு, அம்மு, பாப்பா, குட்டி என்றவாறு உயிர் ஈற்றுச் செல்லப்பெயர் ஒன்று தவறாது வாய்க்கின்றது. பதிவேட்டுப் பெயர் எழுதுவதற்கும் செல்லப்பெயர் அழைப்பதற்கும் என இயற்பெயரின் தொழில் இரண்டாகப் பிரிந்துவிட்டது.

ஆகார ஈற்றைப் பற்றி எனக்கு முன்பு இருந்த கருத்து வேறு. இப்போதைய கருத்து வேறு. வடமொழி ஆகார ஈறு தமிழில் ஐகாரமாதல் மரபு. சீதா சீதை ஆயினாள். கங்கா கங்கை ஆயிற்று. இக்காலப் பெயர்கள் ஆகாரத்தை அவ்வாறே நிறுத்திக்கொண்டன. அதனோடு அமையாது ஓவியம், இலக்கியம் என்னும் சொற்களிலும் மகரத்தை நீக்கி ஆகாரத்தை ஏற்றி ஓவியா, இலக்கியா எனப் பெண்பெயர் படைத்துக்கொண்டனர் மக்கள். இவற்றை ஒட்டுச்செடி என்று பல ஆண்டுகள் வகுப்பில் இகழ்ந்து வந்தேன். ஆயினும் கவிதா என்னும் பெயரை நினைந்தபோது என் இகழ்ச்சி தளர்ந்தது. கவிதை என்பது பொருட்பெயர்; கவிதா என்பது பெண்ணின் பெயர். ஆகாரம் இங்குப் பொருட்பெயரினின்று இயற்பெயரைப் பிரித்துக்காட்டும் அடையாளமாகப் பணிபுரிகின்றது. ஓவியா என்பதிலும் அதுவே. உயர்திணைப் பெண்பாலுக்கு ஈறு வேண்டிய மக்கள், கிடைத்த ஈற்றை எடுத்து ஒழுங்குபட ஆண்டுள்ளனர். ஆளப்படும் ஒழுங்கு உளதாயின் அது இலக்கணத்தின் பாற்படும். நாம் விரும்பினும் விரும்பாவிடினும்.

இவ்வாகாரம் பெண்பாற்கே உரியது என்ற உணர்வு நம் செவியில் எவ்வளவு வலிதாக ஊன்றியது என்பதற்குக் கனிஷ்கா என்னும் பெயர் சான்று. குஷாண மரபின் பேரரசனாகிய கனிஷ்கனின் பெயர் வடமொழியில் அகர ஈற்று ஆண்பாற் பெயர். ஆங்கில எழுத்தின் வழியே வந்தபோது ஈற்றகரம் ஆகாரமாக ஒலிக்கப்பட்டுத் தமிழ்நாட்டில் பெண்குழந்தைகளுக்கு இடப்படுகின்றது. கனி என்னும் தமிழ்ச்சொல்லின் சாயலும் துணைசெய்திருக்கலாம். படையெடுத்து நிலம்கொண்ட மன்னன் ஒருவன், தமிழ்ச்செவியின் பால் உணர்வுக்குத் தோற்றான்.

தனித்தமிழ்ப் பெயரீட்டைப் பற்றியும் சிறிது கூறல் வேண்டும். 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியபின் சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆயினார். தம் மக்களுள் திருஞானசம்பந்தத்தை அறிவுத்தொடர்பு என்றும் திரிபுரசுந்தரியை முந்நகரழகி என்றும் மொழிபெயர்த்தார். அவருக்கு முன்னரே சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கியிருந்தார். பின்னர் நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனதும் இராமையா அன்பழகன் ஆனதும் நாடறிந்தவை. இவற்றுள் நிலைபெற்றவை எவை எனக் காண்போமாயின் ஓர் உண்மை விளங்கும். நெடுஞ்செழியன், அன்பழகன் என்பன பிறர் தம் மக்களுக்கும் இட்டு வழங்கிய பெயர்கள். அறிவுத்தொடர்பும் முந்நகரழகியும் அவ்வாறு பரவவில்லை. முன்னவை தமிழில் பிறந்தன. பின்னவை மொழிபெயர்ப்பிற் பிறந்தன. மூலப்பெயரை அறிந்தாற்கன்றி முந்நகரழகி பொருள் தாராள். தமிழ்ப்பற்றால் இட்ட பெயர்கள் யாவும் நல்ல தமிழ் எனக் கொள்ளும் பட்டியல் நூலாசிரியர் இவ்வேறுபாட்டை நோக்குவதில்லை. தமிழ்ச்செல்வன் என்பதைத் 'தமிழ்செல்வன்' என்றும், கயற்கண்ணியைக் 'கயல்கண்ணி' என்றும் சந்தி நீக்கி அச்சிடுவோரும் அவர்களுள் உளர். அரசியல் பற்று பெயரை எவ்வெவ்வாறு இயக்கும் என்பதற்கு மறுபுறச் சான்றும் உண்டு. லெனின் என்னும் பெயர் நம் சிற்றூர்கள் வரை பரவியது. 1953 மார்ச்சில் சோவியத்துத் தலைவர் மறைந்த நாள்களில் பிறந்த மகனுக்குக் கலைஞர் மு. கருணாநிதி, முதலெழுத்திலேயே தமிழ் மரபு ஏலாத ஸ்டாலின் என்னும் பெயரைச் சூட்டினார். கொள்கை இலக்கணத்தை வென்ற இடம் அது.

இதுகாறும் கூறியவை ஒலி பற்றியன. இனி எழுத்து. பெயருக்கு விந்தையான எழுத்துக்கூட்டு அமைக்கும் இக்கால வழக்கில் நாம் கருதாத ஒரு செய்தி உண்டு: அவ்விந்தை முழுதும் ஆங்கில எழுத்திலேயே நிகழ்கின்றது. காரணம் எண்சோதிடம். 1936இல் மறைந்த கீரோ என்பார் பரப்பிய முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை எண்கள் உள. ஒன்பது எவ்வெழுத்துக்கும் இல்லை. தமிழ் நெடுங்கணக்கின் 247 எழுத்துக்கு இம்முறையில் இடமே இல்லை. நம் எண் வடிவங்களுள் ஒன்று ககரம் போலவும் இரண்டு உகரம் போலவும் எழுதப்பட்டுவந்த நாட்டில், பெயரின் எண்ணைக் காண அயல் எழுத்தை நாடுகின்றோம் என்பது வியப்பே.

கவின் என்னும் நற்றமிழ்ப் பெயரை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அதன் ஐந்து எழுத்துகளுக்கு முறையே 2, 1, 6, 1, 5 எனக் கூட்ட 15 வரும். இது பிறந்த நாளோடு ஒவ்வாது என எண்சோதிடர் கூறின், 'ஏ' என்னும் எழுத்தை இரட்டித்து 16 ஆக்குவர். அல்லது இறுதி 'என்' எழுத்தை இரட்டித்து 20 ஆக்குவர். பெற்றோர் தமிழில் கவின் என்றே எழுதுகின்றனர். ஒலியும் மாறவில்லை என்றே நம்புகின்றனர். ஆனால் இரட்டித்த 'ஏ' ஆங்கில வழியில் நெடிலைக் குறிக்கும் குறி. குறில் நெடில் வேறுபாடு தமிழில் பொருள் வேறுபாடு. கவின் அழகு, காவின் என்பது சோலையினது. எண்ணுக்காகச் சேர்த்த எழுத்து, சொல்லையே மாற்றிவிட்டது.

இது வெறும் கற்பனை அன்று. இப்பெயருடைய மாணவர் ஒருவர் என்னிடம் பயின்றார். பள்ளிச் சான்றிதழ் தொடங்கி எல்லா ஆவணங்களிலும் ஆங்கில வடிவமே மூலமாயிற்று. அலுவலகம் ஒன்றில் யாரோ அதனை மீண்டும் தமிழாக்கியபோது 'காவின்' என எழுதிவிட்டனர். பட்டச் சான்றிதழின் தமிழ்ப்பக்கத்திலும் அதுவே அச்சாயிற்று. தமிழ்ப்பெயர் ஆங்கிலத்திற் புகுந்து, வேறொரு தமிழ்ச்சொல்லாகித் திரும்பியது. திருத்தம் வேண்டி விண்ணப்பித்தார். ஆங்கில வடிவைக் காட்டி மறுத்தனர். ஆங்கில எழுத்தை மாற்றத் தந்தை இசையவில்லை. அவர் என்னிடம் வந்து, 'ஐயா, காவின் என்பதற்குப் பொருள் உண்டா?' என்று வினவினார். கா என்னும் பெயர் இன் உருபேற்று முடிக்குஞ் சொல்லின்றி நிற்கின்றது என்றேன். அதனைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு சென்றார்.

ழகரப் பெயர்களின் நிலை இன்னும் சிக்கலானது. யாழினி என்னும் பெயரைத் தமிழ்நாட்டார் ஆங்கிலத்தில் 'இசட் எச்' சேர்த்து எழுதுவர்; ஈழத்தவர் 'எல்' ஒன்றாலேயே எழுதுவர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் வளரும் ஈழத்துப் பிள்ளைகள் சிலர் தம் பெயரைத் தமிழில் யாலினி என்று எழுதக் காண்கிறோம். ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கு நெருக்கமாக்கினால் தீரும் எனின், அதுவும் எளிதன்று. 2020 சூன் திங்களில் தமிழ்நாட்டரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழொலிக்கேற்ப மாற்றி ஆணையிட்டு, எழுந்த குறைகளால் சின்னாட்களிலேயே அதனைத் திரும்பப் பெற்றது. அயல் எழுத்து எவ்வளவு திருத்தினும் அயல் எழுத்தே. மூலம் தமிழெழுத்தாக இருத்தல் வேண்டும். ஆங்கிலம் அதன் படியாக அமைதல் வேண்டும். இன்று முறை தலைகீழாக உள்ளது.

பெற்றோர் ரித்விக் என்று இடுக, ஓவியா என்று இடுக. அது அவர்தம் உரிமை. அவர்கள் தமிழில் எழுதிய வடிவைப் பிறர் ஆங்கிலத்தின் வழியே மாற்றுதல் கூடாது என்பதே நாம் வற்புறுத்தத் தக்கது. சேர்க்கையின்போதே மாணவர் தம் பெயரைத் தம் கையால் தமிழில் எழுதுதற்கு ஒரு கட்டம் படிவத்தில் வேண்டும் என்றும், சான்றிதழ்க்கு அக்கையெழுத்தே மூலமாதல் வேண்டும் என்றும் துறையின் வழியாக எழுதி அனுப்பியுள்ளேன். மறுமொழி இன்னும் வரவில்லை.