பதிமூன்று மதிப்பெண்ணில் தொலைந்துபோன நேரம்

மோரிஸ் மானோவின் ‘டிஜிட்டல் டிசைன்’ 1984-ல் முதல் பதிப்பு கண்ட புத்தகம். பிந்தைய பதிப்புகளில் மைக்கேல் சிலெட்டியும் சேர்ந்துகொண்டார். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில், ஈசிஇ மூன்றாம் செமஸ்டருக்கு இது பாடநூல். முழுசாகப் படித்தவர்களைப் பார்ப்பதுதான் அபூர்வம், நடுவில் கைடு வந்துவிடும். பாடநூலுக்கெல்லாம் விமர்சனமா என்று கேட்கலாம். வருஷாவருஷம் இத்தனை இளைஞர்கள் ராத்திரி கண்விழித்து வாசிக்கிற உரைநடையை விமர்சிக்காமல் விடுவதுதான் ஆச்சரியம்.

புத்தகத்தின் முதல் நான்கு அத்தியாயங்களில் வரும் சுற்றுகளுக்கு ‘நேற்று’ என்பதே கிடையாது. இப்போது என்ன கொடுக்கிறோமோ அதற்கு ஏற்ற விடை, அவ்வளவுதான். ஐந்தாம் அத்தியாயத்தில்தான் கதை மாறுகிறது. இரண்டு நார் கேட்டுகள், ஒன்றின் வெளியீடு இன்னொன்றின் உள்ளீட்டுக்குக் குறுக்காகப் போகிறது. உடனே சுற்றுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது. எக்கிள்ஸும் ஜோர்டனும் 1918-ல் இரண்டு வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்தது இதைத்தான். இனி விடை இப்போதைய உள்ளீட்டை மட்டும் பொறுத்ததல்ல, இதுவரை நடந்ததையும் பொறுத்தது. ஒரு நாவலுக்கும் இதே விதிதானே?

மானோ இதை ஒழுங்காக அடுக்குகிறார்: லாட்ச், ஃபிளிப்-ஃபிளாப், நிலை அட்டவணை, வடிவமைப்பு. ஆனால் உதாரணத்துக்கு வரும்போது ஆளில்லாத ஊரில் நடக்கிறார். தொடர்ந்து மூன்று ‘ஒன்று’ வந்தால் கண்டுபிடிக்கும் சுற்று, சரி. யாருக்காக, எதற்காக? பதில் இல்லை. தேர்வு இந்த வெற்றிடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘ஜேகே ஃபிளிப்-ஃபிளாப்பை டி-யாக மாற்றுக’ என்று ஒரு 13 மதிப்பெண் கேள்வி. எக்ஸைடேஷன் டேபிள், கார்னா மேப், படம், முடிந்தது. இன்றைய சிப்புகளில் பெரும்பாலும் இருப்பது டி வகைதான். ஜேகே மேல் வினாத்தாளுக்கு இருக்கும் பாசம் வெறும் பழக்கம்.

இதில் யாருக்கு நஷ்டம்? பேத்துப்பாறை மாதிரி ஒரு மலைக்கிராமத்தில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்து வருகிற பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அவள் படித்த இயற்பியல் புத்தகம் லாஜிக் கேட், பூலியன் இயற்கணிதம், டிமார்கன் தேற்றம் வரை தமிழில் கூட்டிக்கொண்டு வந்தது. ஞாபகமுள்ள சுற்றின் வாசலில் கையை விட்டுவிட்டது. ‘ஸ்டேட்’ என்ற கருத்தை அவள் முதன்முதலில் சந்திப்பதே இங்கிலீஷில், அதுவும் கைடின் முறிந்த வாக்கியங்களில். புரியாதது சுற்றா, மொழியா என்று அவளுக்கே தெரியாது. அரியர் விழும்போது மட்டும் பழி அவள் தலையில்.

இத்தனைக்கும் நல்ல உதாரணம் அவள் ஊர் வாக்குச்சாவடிக்கே வருகிறது. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கெடுத்தவர் நம்ம சுஜாதா. அலுவலர் ‘பேலட்’ பொத்தானை அழுத்தினால்தான் இயந்திரம் ‘பூட்டு’ நிலையிலிருந்து ‘தயார்’ நிலைக்கு வரும். வாக்காளர் ஒரு பொத்தானை அழுத்துகிறார், விளக்கு எரிகிறது, பீப் கேட்கிறது, மறுபடி பூட்டு. அதற்குப் பிறகு பத்து தடவை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. அதே பொத்தான், அதே விரல், வேறு விளைவு. ஏனென்றால் நிலை மாறிவிட்டது. விவிபேட் சீட்டு 7 நொடி தெரிந்துவிட்டு விழுகிறதே, அது டைமிங். ஒரு பக்கத்தில் வரையக்கூடிய நிலை வரைபடம், பின்னால் நிற்பதோ ஒருவருக்கு ஒரு வாக்கு என்கிற பெரிய விஷயம்.

இன்னொரு குறை, நேரத்தைப் பற்றியது. செட்டப் டைம், ஹோல்டு டைம் இரண்டையும் மானோ சுருக்கமாகக் கடந்துவிடுகிறார், தேர்வில் அவை 2 மதிப்பெண். ஆனால் சுற்றின் வேகம் அங்கேதான் முடிவாகிறது. ஃபிளிப்-ஃபிளாப் விடை தர 2 நானோநொடி, நடுவிலுள்ள கேட்டுகளுக்கு 5, செட்டப் 1 என்றால் மொத்தம் 8. கடிகாரத் துடிப்பு 125 மெகாஹெர்ட்ஸைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அட்டவணை சரியாக இருந்தும் விடை தப்பும். கடிகாரம் தட்டுகிற அதே நொடியில் உள்ளீடு மாறினால் நிலைமை இன்னும் மோசம். கொண்டை ஊசி வளைவில் மேலேறும் ஜீப்பும் இறங்கும் பஸ்ஸும் ஒரே நேரத்தில் மூக்கை நீட்டுவது போல. மலைச்சாலையில் இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்று விதி உண்டு. ஃபிளிப்-ஃபிளாப்புக்கு அப்படி விதி இல்லை. பூஜ்யமா ஒன்றா என்று சிறிது நேரம் தத்தளிக்கும். எவ்வளவு நேரம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்குப் பெயர் மெட்டாஸ்டெபிலிட்டி.

மனப்பாடம் வேண்டாம் என்று உபதேசம் செய்யவில்லை. அரியர் எழுதப் போகிறவருக்கு அட்டவணைதான் பஸ் டிக்கெட், அதைக் கிழிக்கச் சொல்வது வசதியானவர்களின் பேச்சு. ஆனால் வாசிக்கும் வரிசையை மாற்றலாம். முதலில் டைமிங் வரைபடம், அப்புறம் அட்டவணை. இடமிருந்து வலமாக நேரம் ஓடுகிற அந்தப் படம்தான் இந்தப் பாடத்தில் கதை சொல்லத் தெரிந்த ஒரே பக்கம். 555 டைமரில் 100 கிலோ ஓம், 100 மைக்ரோஃபாரட் போட்டால் வெளியீடு சுமார் 11 நொடி உயர்ந்து நிற்கும் என்பதை அந்தப் படத்தில் கண்ணால் பார்த்தவருக்கு, 1.1 என்ற எண் சும்மா ஒரு எண்ணாகத் தெரியாது.

மானோ நல்ல ஆசிரியர், சுமாரான கதைசொல்லி. மீதிக் கதையைத் தமிழில் யாராவது எழுதியாக வேண்டும். அதுவரை பிளஸ் டூவில் விட்ட கையைப் பிடிக்க அந்தப் பிள்ளைக்கு இருப்பது கைடு மட்டும்தான்.